ஈரக் கழிவு

நம்புத்தாயின் கட்டைவிரலில் ரேகை கிடையாது.
ரேஷன் கடை மிஷின் அவளை மூன்று தடவை
யாரோ என்றது.
நாலாவது தடவை விரலைச் சேலையில் துடைத்து
"நாந்தேன்" என்று அதனிடமே சொன்னாள்.
வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம்.

முப்பத்தெட்டு வருசம் பாறையில்
மரிக்கொழுந்துப் பாசி பறித்த விரல்.
துணி சுற்றித்தான் இறங்குவாள்.
துணி முதலில் கிழியும், அப்புறம் தோல்.

களிமண்குண்டில் பாசிக்கு எடை போடுகிறவன் நான்.
என் பேர் அவளுக்குத் தெரியும்.
ஆனாலும் தராசு என்றுதான் கூப்பிடுவாள்.
"தராசு, சாப்பிட்டியா?"
"தராசுக்குக் கல்யாணமாமே?"

வாழைத் தீவுப் பக்கம் ஒரு நாள்
வனத்துறை போட் வந்தது.
மற்றவர்கள் வள்ளத்துக்கு நீந்த
இவள் மட்டும் பாறைக்குப் பின்னால் முங்கிவிட்டாள்.
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
"நூறு வரைக்கும் எண்ணினேன்.
அதுக்கு மேல எண்ணத் தெரியாது,
அதான் எந்திரிச்சிட்டேன்."

எனக்கு எண்ணத் தெரியும்.
பத்துக் கிலோவுக்கு இரண்டு ஈரக் கழிவு.
அது எல்லோரும் அறிந்தது, பலகையில் எழுதியிருந்தது.
எழுதாதது ஒன்றும் உண்டு:
தராசு முள்ளின் திருகை முதலாளி சொன்னபடி
அரைச் சுற்று நான் திருப்பி வைத்தது.

ஒரு ஆடி மாதம், கச்சான் அடித்து
கரையெல்லாம் மணல் பறந்த நாள்,
பாசி மூட்டையோடு இன்னொரு பையும் கொண்டுவந்தாள்.
கீழக்கரைக் கடையில் வாங்கிய அரிசி,
ஐந்து கிலோ, தையல் பிரிக்காதது.
கொக்கியில் அவளே மாட்டினாள்.
முள் நாலரையில் நின்றது.

"அரிசிக்கும் ஈரக் கழிவா தம்பி?"

தராசு என்று சொல்லவில்லை. தம்பி.
அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் திருகைச் சரிசெய்தேன்,
அவள் மூட்டை ஏறும்போது மட்டும்.
அவள் இறங்கியதும் பழையபடி.
எத்தனை நாள் நினைத்தீர்கள்? இரண்டு.
மூன்றாம் நாள் சண்முகக்கனியின் மூட்டையைத்
தன் தலையில் சுமந்து வந்து
தன்னுடையது என்றாள்.
வாசலில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒன்பது நாள்
ஒருத்தியும் கடலில் இறங்கவில்லை.
வத்தம் வந்தது, போனது.
பாறை வெளியே தெரிந்தது, பாசி அதில் அப்படியே இருந்தது.
பத்தாம் நாள் முதலாளி புதுத் தராசு வாங்கினார்,
கரண்டில் ஓடுவது, சிவப்பு எண்.
அவள் முதலில் தன் வெறுங்கையை அதில் வைத்து அழுத்தினாள்.
ஏதோ ஒரு எண் வந்தது.
"இம்புட்டுத்தானா" என்றாள்.

கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை.
காலில் சங்கு கீறிய புண், மேலே சர்க்கரை,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
கொண்டுவந்த அன்று நல்ல வத்தம்.
எடுக்கும் நேரம் வரைக்கும் பெண்கள் அழுதார்கள்,
பாதிப் பேர் விரலில் துணி சுற்றியிருந்தது.
வண்டி திரும்பியதும் வள்ளத்துக்குப் போய்விட்டார்கள்.
அதைக் குறை சொல்ல ஒருவன் வாயெடுத்தான்.
சண்முகக்கனி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

இறப்புச் சான்றுக்கு எழுதிக்கொடுக்க
மகன் என்னைத்தான் கூப்பிட்டான்.
பேர் எழுதினேன். வயது குத்துமதிப்பாக அறுபத்தாறு.
தொழில் என்ற இடத்தில்
"சும்மா, வீட்டு வேலைன்னு போடுங்கண்ணே" என்றான்.
பாசி என்று எழுதினேன்.
ஆபீசில் அடித்துவிட்டுக் கூலி என்று மாற்றினார்கள்.

முதலாளியின் நோட்டில் அவள் பேருக்கு நேராக
முன்பணப் பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது.
வசூலிக்க வேண்டியது என்று பென்சிலில் இருக்கிறது.

நேற்று ராத்திரி கொட்டகையில் உட்கார்ந்து
நானும் ஒரு கணக்குப் போட்டேன்.
ஐந்துக்கு அரை. மூட்டைக்கு இவ்வளவு.
மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்.
என் கல்யாண வருசம் வரைக்கும் வந்தேன்.
விளக்கைச் சுற்றி ஈசல் கூடிவிட்டது,
பக்கத்தில் விழுந்து விழுந்து எண்ணெல்லாம் மறைந்தது.
அதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டேன்.

காலையில் வத்தம்.
ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள்.